ராஜா–சிப்பாய் எண்ட்கேம்: ஒரு சிப்பாய் அதிகம், என் முறை, ஆனால் வழி அடைபடுகிறது

கேள்வி: நிலா64

வணக்கம். நண்பனோடு ஆடிய செஸ் ஆட்டத்தை இருவரும் உட்கார்ந்து அலசுகிறோம். கடைசிக் கட்டத்தில் வரக்கூடிய ஒரு நிலையில் சிக்கிக்கொண்டோம். (டி5 என்றால் டி நெடுவரிசை, ஐந்தாவது கிடைவரிசை.)

வெள்ளை: ராஜா டி5, சிப்பாய்கள் ஏ5, சி6.
கறுப்பு: ராஜா சி8, சிப்பாய் ஏ6.
வெள்ளையின் முறை.

ஒரு சிப்பாய் அதிகம் இருக்கிறது, அதுவும் ஆறாவது வரிசையில். ஆனால் ராஜாவை டி6-க்குக் கொண்டுபோனால் கறுப்பு டி8-க்கு வந்துவிடுகிறது. சி7 தள்ளினால் செக், அவர் சி8-இல் உட்கார்கிறார், நான் சி6-க்கு வந்து சிப்பாயைக் காத்தால் ஸ்டேல்மேட் (செக் இல்லை, ஆனால் அவருக்கு நகர்வே இல்லை, அதனால் டிரா). சரி, சி5 வழியாக பி6-க்குப் போய் ஏ6-ஐப் பிடிக்கலாம் என்றால், அவர் உடனே சி7-க்கு வந்து வழியை அடைக்கிறார். நண்பன் டிரா என்கிறான். எனக்கு மனசு ஒப்பவில்லை. வெல்லும் வழி இருக்கிறதா?

பதில்: சிப்பாய்ப்பித்தன்

இருக்கிறது. உங்கள் மனசு சொன்னதுதான் சரி. ராஜா–சிப்பாய் எண்ட்கேம்களிலேயே எனக்கு மிகவும் பிடித்த நிலைகளில் இதுவும் ஒன்று. 1912-இல் ஃபாஹ்ர்னி – அலாபின் ஆட்டத்தில் வந்த நிலை இதேதான்.

முதலில் ஒன்று செய்யுங்கள். காய்களை அப்படியே வைத்துவிட்டு, இப்போது கறுப்பின் முறை என்று நினைத்துக்கொண்டு பாருங்கள். டி8-க்குப் போனால் நீங்கள் டி6. அவர் சி8-க்குத் திரும்பினால் சி7 தள்ளலாம். இந்த முறை அது செக் இல்லை, அதுதான் முக்கியம். அவர் பி7-க்குப் போயே ஆகவேண்டும், நீங்கள் டி7-க்கு வருகிறீர்கள். சி7-க்குப் போனால் நீங்கள் சி5. அவர் விலகியதும் பி6-க்கு ஏறி ஏ6-ஐ எடுக்கலாம். பி8-க்குப் போனால் டி6, அவர் சி8, மறுபடி சி7. ஆக கறுப்பின் முறை என்றால் தோல்வி உறுதி. உங்களுக்கு இருக்கும் ஒரே குறை, முறை உங்களுடையதாக இருப்பது.

அப்படியானால் கேள்வி மாறுகிறது. இதே நிலையை, முறை மட்டும் அவருக்குப் போகும்படி எப்படிக் கொண்டுவருவது? சிப்பாய்களால் முடியாது. ஏ5 நகராது, சி6-ஐ இப்போதே தள்ளினால் வீணாகப் போய்விடும். ராஜாவால்தான் முடியும்.

எந்தக் கட்டத்துக்கு எந்தக் கட்டம் ஜோடி என்று பாருங்கள். நீங்கள் டி6-க்கு வரும்போது அவர் டி8-க்கு வர முடியவேண்டும். நீங்கள் சி5-க்கு வந்தால் சி7. டி5-க்கு வந்தால் சி8. இப்போது டி4-ஐயும் சி4-ஐயும் பாருங்கள். இந்த இரண்டிலிருந்தும் ஒரே நகர்வில் சி5-க்கும் போகலாம், டி5-க்கும் போகலாம். அப்படியென்றால் நீங்கள் அங்கே நிற்கும்போது, கறுப்பு சி7, சி8 இரண்டையும் ஒரே நகர்வில் தொடக்கூடிய கட்டத்தில் நிற்கவேண்டும். அவருக்குப் பயன்படும் அப்படிப்பட்ட கட்டங்கள் டி8-உம் பி8-உம்தான். அவை அருகருகே இல்லை! நீங்கள் டி4-இலிருந்து சி4-க்குப் போகலாம், அவரால் டி8-இலிருந்து பி8-க்கு ஒரே நகர்வில் போக முடியாது.

எனவே:

1. ராஜா டி4, ராஜா டி8
2. ராஜா சி4! ராஜா சி8
3. ராஜா டி5

முதல் நிலையே திரும்பிவிட்டது, இப்போது முறை கறுப்புக்கு. டி5, டி4, சி4, மறுபடி டி5 என்று ஒரு முக்கோணம் போட்டீர்கள். அதனால்தான் இதை டிரையாங்குலேஷன் என்கிறார்கள். இரண்டாவது நகர்வில் அவர் சி8-க்குப் பதில் சி7-க்கு வந்தால் சி5-க்குப் போங்கள், டி5-க்கு அல்ல. டி5-க்குப் போனால் அவர் சி8-க்குத் திரும்பி உங்களைப் பழைய இடத்திலேயே நிறுத்திவிடுவார். முதல் நகர்வாக டி4-க்குப் பதில் சி4 ஆடினாலும் அதே பலன்தான்.

கேள்வி கேட்டவர்: நிலா64

ரொம்ப நன்றி சார். பலகையில் வைத்துப் பார்த்தோம், நண்பனும் ஒத்துக்கொண்டான். ஆனால் ஒரு சந்தேகம். ராஜா டி7-க்கு வந்தபிறகு அவன் ஏ7-க்குப் போகிறான். நான் சிப்பாயை சி8-க்குத் தள்ளி ராணி எடுத்தால் ஆட்டம் ஸ்டேல்மேட் ஆகிறதே?

பதில்: சிப்பாய்ப்பித்தன்

அருமையாகக் கவனித்திருக்கிறீர்கள்! இந்த இடத்தை அவசரமாகத் தாண்டக் கூடாது. கறுப்பு ராஜா ஏ7-இல், ராணி சி8-இல் என்றால் ஏ8, பி8, பி7 மூன்றையும் ராணி அடைக்கிறது. பி6-ஐ உங்கள் ஏ5 சிப்பாய் அடைக்கிறது. அவருடைய ஏ6 சிப்பாயும் நகராது. வெல்லும் நிலையில் அரைப் புள்ளி போய்விடும்.

அதனால் அவர் ஏ7-க்குப் போனால் ராணியை எடுக்காமல், ராஜாவை சி6-க்குக் கொண்டுவாருங்கள். அவருக்கு ஏ8 மட்டுமே மிச்சம். இப்போது சி8-இல் ராணி, செக். அவர் ஏ7, நீங்கள் ராணியை பி7-இல் வைத்தால் மேட். ராணிக்குப் பதில் யானை எடுத்தும் வெல்லலாம், ஆனால் ராஜாவைக் கொண்டுவரும் வழிதான் எனக்கு அழகாகப் படுகிறது.

அவர் ஏ7-க்குப் பதில் ஏ8-க்குப் போனால்? சி8-இல் ராணி, செக், அவர் ஏ7. இங்கேயும் ராஜாவை சி6-க்கோ சி7-க்கோ தூக்கி வைக்காதீர்கள், இரண்டுமே ஸ்டேல்மேட். ராணியை ஜி8-க்கு எடுங்கள். அவர் பி7-க்கு வந்தே ஆகவேண்டும். பி3-இல் செக், பிறகு ராஜா சி7, அடுத்தது பி7-இல் மேட்.

பதில்: ஐந்துகாய்

பலகையில் மொத்தம் 5 காய்கள்தான் என்பதால் டேபிள்பேஸில் (குறைந்த காய்கள் உள்ள நிலைகளின் முடிவைக் கணினி முன்பே கணக்கிட்டு வைத்த தொகுப்பு) போட்டுப் பார்த்தால் உடனே விடை வரும். 7 காய்கள் வரையிலான எல்லா நிலைகளும் 2018-லேயே சிசிஜி டேபிள்பேஸில் முடிந்துவிட்டன. இவ்வளவு எழுத்துத் தேவையா?

பதில்: சிப்பாய்ப்பித்தன்

சரிபார்க்க நல்ல கருவி, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் டி4-உம் சி4-உம் வெற்றி என்று அது காட்டும், ஏன் என்று சொல்லாது. ஏ சிப்பாய்கள் இரண்டையும் எடுத்துவிட்டு அதே நிலையைப் பாருங்கள். கறுப்பின் முறை என்றாலும் டிராதான். ராஜா சி7, நீங்கள் சி5, அவர் நேராக சி8-க்குப் பின்வாங்குவார். நீங்கள் டி6 என்றால் அவர் டி8, நீங்கள் பி6 என்றால் அவர் பி8. பி6-க்குப் போய் எடுக்க அங்கே ஒன்றும் இல்லை. மேலே முழு வெற்றியும் நின்றது அந்த ஏ6 சிப்பாயின் பலவீனத்தின்மேல்தான்.

இன்னொன்றும் வைத்துப் பாருங்கள் நிலா. உங்கள் சிப்பாய் ஏ4-இல், அவருடையது ஏ5-இல், மற்றதெல்லாம் அப்படியே. இப்போது முக்கோணமே வேண்டாம். ராஜா சி5, ராஜா சி7, ராஜா பி5! சி6-ஐக் காத்துக்கொண்டே ஏ5-ஐத் தாக்குகிறீர்கள். அவர் டி6-க்கு ஓடினால் மட்டும் ஏ5-ஐ எடுக்காதீர்கள், சி6 போய்விடும். பி6-க்கு ஏறுங்கள், சி7-ஐத் தடுக்க அவரிடம் எதுவும் இல்லை.