மறு: மறு: இன்டக்‌ஷனுக்கு ஒரு சொல் (உள்காது பாடம், அவசரம்)

எல்லாருக்கும் வணக்கம். காலேஜ் விலங்கியலுக்கு கருவியல் பாடம் தமிழ்ல பண்றேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். ஒரு திசு பக்கத்து திசுவுக்கு சிக்னல் அனுப்பி நீ இன்னதா ஆகுன்னு ஆக்குதே, அந்த இன்டக்‌ஷனுக்கு தூண்டல்னு போட்டா அடுத்த பத்தியிலயே, காதுல ஒலிய உணர்ற மயிர் செல்லப் பத்தி, "மயிர் செல் ஒலித் தூண்டலுக்குத் துலங்கும்"னு வருது. போதாததுக்கு இயற்பியல்ல மின்காந்தத் தூண்டல் வேற. பசங்க குழம்பிடுவாங்க. வேற சொல் தாங்க.

---

தம்பி, வெண்ணெய கையில வெச்சுக்கிட்டு நெய்க்கு அலையறீரே. பெத்தவ நற்றாய், வளர்க்கறவ செவிலி. சுத்தியிருக்கறது செவிலித்திசு, அது செய்யற வேலை செவிலல். செவிலியே செவியிலேர்ந்து வந்ததுன்னு என் துணிபு, காதோட காதா சொல்லி வளர்க்கறவ இல்லையா, செவ்வி, செவ்வை, செப்பு எல்லாமே ஒரே வேர்தான்னு எனக்குத் தோணுது, விரிவா எழுதறேன்.

---

ஐயா, விரிவா வேண்டாம். கண்ணுலயும் மூளையிலேர்ந்து புடைச்சு வர்ற விழிக்குமிழ்தான் மேல்தோலை லென்ஸா ஆக்குது, அங்க விழிலின்னு வைப்பீங்களா? இன்னைக்கு செவிலின்னா நர்ஸ்.

---

எங்கட பக்கம் திசு எண்டு சொல்லுறேல்ல, இழையம். செல்லும் இல்ல, கலம். மயிர்க்கலம் எண்டால் பிள்ளையளுக்கு உடன விளங்கும். அதையும் இதோட முடிவெடுத்தால் நல்லம்.

---

அண்ணே, அதை இப்ப தொடாதீங்க, வெள்ளிக்கிழமை போயிடும்.

என் யோசனை சார்பாக்கம். பசுவுல வர்ற அதே உகரம் காசுல குறுகுதே, எதனால? முன்னால நிக்கறத பொறுத்து. இங்கயும் ஒரே முன்னோடி செல்தான், பக்கத்து செல் நாட்ச்ங்கற சிக்னல் வழியா அமுக்கினா மயிர் செல்லுக்கு முட்டுக்குடுக்கற தாங்கு செல், அமுக்கலைன்னா அட்டோ1ங்கற ஜீன் ஓங்கி மயிர் செல். சார்பெழுத்து படிச்சவனுக்கு இதுக்கு மேல விளக்கம் எதுக்கு?

---

அக்கா, அழகுதான், ஆனா கணக்குல சார்புன்னா ஃபங்ஷன். தவிர நீங்க சொல்றது செல்லுக்கு செல் தடுக்கறது, அது பக்கத் தடுப்பு, வேற கதை. இவர் கேக்கறது சுத்துத் திசு. எலிக்கருவுல காக்ளியாவோட (உள்காதுல இருக்கற நத்தைச்சுருள்) புறப்படலம் எஃப்ஜிஎஃப் 9, 20ங்கற ரெண்டு சிக்னல் புரதத்தையும் சுத்தியிருக்கற மீசென்கைமுக்கு (தளர்வான கருத்திசு) அனுப்புது, அங்கேர்ந்து திரும்ப வர்ற சிக்னல்தான் புலன் முன்னோடி செல்கள் எவ்வளவு பெருகணும்னு தீர்மானிக்குது, அந்த ரெண்டும் இல்லைன்னா காக்ளியாவே குட்டையாயிடும். அதாவது போக்குவரத்து ரெண்டு பக்கமும். தூண்டல்னு ஒருவழியா சொல்றதே எனக்கு இடிக்குது. பரம்பரைக் காது கேளாமை ஒண்ணுல கெடற பிஓயு3எஃப்4 ஜீன்கூட மயிர் செல்லுல வேலை செய்யறது இல்ல, இந்த மீசென்கைம்லதான்.

---

சரிங்க, ஆனா 1924ல ஸ்பீமன், மான்கோல்டுங்கற ஜெர்மன் கருவியலாளர்கள் நியூட் (தவளைக்கு உறவான வாலுள்ள பிராணி) கருவுல ஒட்டுப் போட்டு காமிச்சதும் இதே பேருலதான் பாடத்துல வருது, அங்க ஒண்ணு இங்க ஒண்ணுன்னு வைக்க முடியாது. உருத்தூண்டல்னு போட்டுட்டு மத்த எடத்துல ஒலித்தூண்டல்னே பிரிச்சு எழுதுவோமே. ஒத்துக்கறவங்க கை தூக்குங்க.

---

உருத்தூண்டலுக்கு ஆமா.

---

ஆமா. தூக்கம் வருது.

---

எனக்கும் ஓம். ஆனால் இழையம்.

---

ஒருவழிப் பேர்தான்னு என் ஆட்சேபம் அப்படியே இருக்கு. போட்டுக்கோங்க.

---

நன்றி, உருத்தூண்டல்னு அனுப்பிடறேன்.

---

அனுப்பும் தம்பி. அடிக்குறிப்புல செவிலல்னு ஒரு வரி சேர்த்துடும். செவ்வி-செப்பு பத்தி தனி இழை தொடங்கியிருக்கேன், எல்லாரும் வரணும்.