மகள் வீட்டு அஸ்டில்பியைப் பிரித்து நடுவது எப்படி? நம் கொல்லை நிழலில் அது வளருமா?

நிழற்கொல்லை, திருவிடைமருதூர்

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு அருகே வசிக்கும் என் மகளின் வீட்டுத் தோட்டத்தில், வடக்குச் சுவரை ஒட்டிய நிழலில், அஸ்டில்பி என்ற செடி பல ஆண்டுகளாகத் தூர் கட்டி நிற்கிறது. பெரணியைப் போல நுணுக்கமாகப் பிளவுபட்ட இலைகளும், அவற்றுக்கு மேலே அடர்சிவப்பில் எழும் பூங்கதிர்களும் வெயிலே படாத அந்த மூலையை எவ்வளவு அழகாக்கிவிடுகின்றன என்பதைப் பார்த்த நாள் முதல் எனக்கு அச்செடியின்மேல் தனிப் பற்று உண்டு. ஆனால் சென்ற கோடையில் கதிர்கள் மிகவும் குறைந்துவிட்டன. தூரின் நடுப்பகுதி வெறுமையாகி, கட்டைபோல இறுகி, மண்ணுக்கு மேலே தெரிகிறது. வரும் ஏப்ரலில் நான் அங்கே செல்லவிருக்கிறேன். அதை எவ்வாறு பிரித்து நடுவது என்பதை விளக்கிச் சொல்ல வேண்டுகிறேன்.

இன்னொரு கேள்வியும் உண்டு. பிரித்த துண்டுகளில் ஒன்றை இங்கே கொண்டுவந்து வளர்க்க முடியுமா? எங்கள் கொல்லையில் இரண்டு தென்னை மரங்களும் ஒரு பழைய மாமரமும் உள்ளன. கிணற்றடியை ஒட்டிய இடத்தில் காலையில் சிறிது நேரம் மட்டுமே வெயில் விழும். மண், மழையில் ஒட்டும் களிமண். சித்திரையில் பாளம் பாளமாக வெடித்துவிடும்.

வடகடல் தோட்டம், எடின்பரோ

வணக்கம் அம்மா. நீங்கள் சொல்லும் அடையாளங்கள் அனைத்தும், தூரைப் பிரிக்க வேண்டிய காலம் வந்துவிட்டதையே காட்டுகின்றன. செடிக்கு நோய் இருப்பதாகத் தெரியவில்லை. அஸ்டில்பியின் வேர்த்தண்டு ஆண்டுதோறும் பக்கவாட்டிலும் மேல்நோக்கியும் வளர்ந்துகொண்டே போகும். நடுவிலுள்ள பழைய பகுதி கட்டையாக இறுகிப்போக, புதிய முளைகள் விளிம்புக்கு நகர்ந்துவிடும். அவையும் மண்மட்டத்துக்கு மேலே எழுந்துவிடுவதால் புதிய வேர்கள் ஈர மண்ணைத் தொட முடியாமல் காய்ந்துபோகும். இதனால்தான் 3 அல்லது 4 ஆண்டுகளுக்கு ஒருமுறை இச்செடியைப் பிரித்து நட வேண்டும் என்பார்கள்.

ஏப்ரல் தொடக்கம் நல்ல நேரம். முளைகள் சிவந்து தலைகாட்டியிருக்க வேண்டும், இலை விரிந்திருக்கக் கூடாது. முதல்நாள் மாலையே செடிக்கு நிறையத் தண்ணீர் விட்டு, மறுநாள் தூரைச் சுற்றி ஒரு சாண் தள்ளித் தோண்டி, வேரோடு முழுதாக மேலே எடுத்துவிடுங்கள். மண்ணைத் தண்ணீரில் அலசிவிட்டால், பழுப்பு நிறக் கட்டையும், அதன் அடியில் சடைசடையாகத் தொங்கும் நார்வேர்களும், மேலே இளஞ்சிவப்பில் கூம்பிய முளைகளும் தெளிவாகத் தெரியும். பழைய தூர்கள் கையால் பிரிய மாட்டா. ரொட்டி அறுக்கும் பல்வைத்த கத்தியோ சிறிய ரம்பமோ வேண்டியிருக்கும். ஒவ்வொரு துண்டிலும் 3 முதல் 5 முளைகளும், அவற்றோடு சேர்ந்த நல்ல வேர்களும் இருக்குமாறு விளிம்பிலிருந்து அறுத்தெடுங்கள். முளையில்லாத நடுக்கட்டையை எருக்குழியில் போட்டுவிடலாம்.

வேரை அலசும்போது, பழுப்புத் தலையுடன் வளைந்து கிடக்கும் வெள்ளைப் புழுக்கள் தென்படுகின்றனவா என்று பாருங்கள். அவை ஒரு கூன்வண்டின் புழுக்கள். இந்நாட்டில் அஸ்டில்பியின் வேர்களை, குறிப்பாகத் தொட்டியில் வளர்ப்பவற்றை, தின்று அழிப்பவை அவைதாம். இருந்தால் எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிட்டே நட வேண்டும்.

நடும் குழியில் நன்கு மட்கிய இலையெருவைத் தாராளமாகக் கலந்து, முளைகள் மண்மட்டத்திலோ அதற்குச் சற்றே கீழோ இருக்குமாறு வையுங்கள். உயரமான வகைகளுக்கு ஒன்றரை அடி இடைவெளி வேண்டும். செடியைச் சுற்றி, இலைச்சருகு போன்றவற்றால் மண்ணை மூடும் மூடாக்கு இடலாம். முளைகளின் மேல் குவிக்கக் கூடாது. இதன் பிறகு எல்லாமே தண்ணீரைப் பொறுத்தது. நிழலில்தானே நிற்கிறது என்று நினைத்து முதல் கோடையில் தண்ணீர் விடாமல் இருந்தால், இலையின் ஓரங்கள் பழுத்து, பொரிந்து, சுருண்டுவிடும். பிரித்த ஆண்டில் கதிர்கள் குறைவாகவே வரும் என்பதையும், அடுத்த ஆண்டுதான் செடி தன் முழு உருவை அடையும் என்பதையும் மகளிடம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.

அடர்சிவப்பு என்று எழுதியிருப்பதால் அது ஃபனால் என்ற வகையாக இருக்கக்கூடும். இன்று தோட்டங்களில் காணப்படும் பல கலப்பு வகைகளை உருவாக்கியவர் கேயார்க் அரெண்ட்ஸ் என்ற ஜெர்மானிய நாற்றங்கால் அறிஞர். இன்று வுப்பர்டால் நகரின் பகுதியாக உள்ள ரோன்ஸ்டார்ஃபில் அவருடைய நாற்றங்கால் இருந்தது. ஃபனாலும் அவர் தந்ததே.

பாமணிக் கரை, மன்னார்குடி

அம்மா, உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்ல முயல்கிறேன். அஸ்டில்பி நம் மண்ணில் நிலைக்காது. நிழலும் ஈரமும் நம்மிடம் உண்டு, ஆனால் குளிர் கிடையாது. குளிர்காலத்தில் அச்செடியின் மேற்பகுதி முழுவதும் மடிந்து, முளைகள் மண்ணுக்குள் உறங்கும். பல வாரங்கள் தொடர்ந்து 5 பாகை செல்சியஸை ஒட்டிய குளிரில் கிடந்தால்தான் அந்த முளைகளின் உறக்கம் கலைந்து, அடுத்த பருவத்தின் இலையும் கதிரும் ஒழுங்காக வெளிவரும். தஞ்சைப் பகுதியில் மார்கழி, தை மாதங்களின் இரவுகளில்கூட வெப்பம் ஏறத்தாழ 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. உறங்க வேண்டிய காலத்தில் உறக்கம் கிடைக்காத செடி, சித்திரை, வைகாசி வெப்பத்தை எதிர்கொள்ள நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. இந்தியாவுக்கே அது அந்நியம் என்று சொல்லவில்லை. அஸ்டில்பி இனத்தில் ஒன்று இமயமலைச் சரிவுகளில் இயற்கையாகவே வளர்கிறது. தமிழ்நாட்டில் முயன்று பார்ப்பதென்றால் உறைபனி விழும் உதகைப் பக்கம் உள்ளவர்கள் முயலலாம்.

அதோடு, வெளிநாட்டிலிருந்து வேரோடு கூடிய செடியைப் பையில் போட்டுக் கொண்டுவருவது சட்டப்படி கூடாது. 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணையின்படி, இறக்குமதி அனுமதியும் ஏற்றுமதி செய்யும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் தேவை. மேலே ஒருவர் எழுதிய கூன்வண்டுப் புழுவைப் போன்றவை நம் வயலுக்கும் தோப்புக்கும் வந்துசேராமல் இருப்பதற்காகவே இந்த விதி இருக்கிறது. இதை மதிப்பது நம் கடமை என்று உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் ஈர நிழலில் தூர் கட்டி வளர்ந்து, பிரித்துப் பிரித்துப் பெருக்கக்கூடிய செடிகளுக்கு நம் பகுதியில் பஞ்சமே இல்லை. அஸ்டில்பியின் கதிருக்கு ஈடாக நான் முதலில் சொல்வது, கேரளத்தில் கிருஷ்ணகிரீடம் என்று அழைக்கப்படும் செடியை. அடுக்கடுக்காகக் கோபுரம்போல் எழும் அதன் செம்மஞ்சள் பூங்கொத்து மழைக்காலத்தில் பல வாரங்கள் நிற்கும். அழகிகள் எனப்படும் பெரிய வண்ணத்துப்பூச்சிகள் அதைத் தேடி வரும். மரநிழலில் வடிகட்டி விழும் வெளிச்சமே அதற்குப் போதும். இலைக்கு ஈடாக நம் ஊர்ப் பெரணிகள் இருக்கின்றன. அவற்றின் ஓடுதண்டுகளில் தோன்றும் சிறு கன்றுகளை வேரோடு கிள்ளி நட்டால் ஒரு மழைக்குள் பிடித்துவிடும்.

கிணற்றடிக்கு மிகவும் ஏற்றது சித்தரத்தை. இருமலுக்கென்று வீட்டில் வைத்திருக்கும் அதே சித்தரத்தைதான். ஆண்டு முழுவதும் பசுமை குன்றாது. வெள்ளை இதழில் சிவப்பும் மஞ்சளுமாகக் கோடு ஓடிய பூக்கள் நுனியில் கொத்தாக வரும். சில ஆண்டுகளில் தூர் நெருங்கி, உள்ளே உள்ள தண்டுகள் மெலிந்துவிடும்போது, நீங்கள் மகள் வீட்டில் செய்யப்போகும் அதே வேலையை இங்கேயும் செய்யலாம். தூரின் ஒரு பக்கத்தில் மட்டும் மண்வெட்டியை இறக்கி, இரண்டு மூன்று தண்டுகளும் ஒரு புதிய முளையும் உள்ள கிழங்குத் துண்டை வெட்டியெடுங்கள். தண்டுகளை அரையடி விட்டுக் கழித்துவிடுங்கள்; இல்லையென்றால் வேர் பிடிக்கும் முன் இலைகள் வழியாக நீர் வெளியேறிச் செடி வாடிவிடும். வெட்டுவாயில் சாம்பலைத் தடவி, ஒரு பகல் நிழலில் ஆறவிட்டு நடுங்கள். தரையோடு படிந்து வளரும் கச்சோலத்தை ஓரங்களில் வைக்கலாம். தை, மாசியில் அதன் இலைகள் மடிந்து மறைந்துவிடும். செத்துவிட்டது என்று எண்ணி அந்த இடத்தைக் கொத்திவிடாதீர்கள்.

காலம் மட்டும் இங்கிலாந்துக்கு நேர்மாறாக அமையும். அங்கே குளிர் முடிந்து வெயில் தொடங்கும்போது பிரிக்கிறார்கள். நாம் வெயில் முடிந்து ஈரம் தொடங்கும்போது, அதாவது ஆனி, ஆடி மாதங்களில் பிரிக்க வேண்டும். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12ஐ ஒட்டி ஆறுகளில் தண்ணீர் வரத் தொடங்கினால், கிணற்றிலும் நீர் ஏறி, கொல்லை மண்ணின் அடியீரம் திரும்பிவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கிழங்கை வெட்டினால் வெட்டுவாய் வழியாக அழுகல் நுழைந்துவிடும். அப்போது எதையும் பிரிக்க வேண்டாம்.

கடைமடை, பட்டுக்கோட்டை

மன்னார்குடி ஐயா சொன்னதோடு மண்ணைப் பற்றி ஒன்றிரண்டு சேர்க்கிறேன். எங்கள் பக்கம், 1934இல் திறக்கப்பட்ட கல்லணைக் கால்வாயால் பாசனம் பெற்ற புது டெல்டாவில், செம்மணலும் சரளையும் கலந்த மண் நிறைய உண்டு. அதில் தண்ணீர் நிற்காது. திருவிடைமருதூர் பழைய டெல்டாவின் நடுப்பகுதி. அங்கேயுள்ள வண்டல் களியில் மழைக்காலத்தில் கிழங்கு மூச்சுத் திணறும், கோடையில் வெடிப்பின் வழியே வேர் அறுபடும். ஆகவே தரையில் குழி வெட்டி நடாமல், முக்கால் அடி உயரத்துக்குப் பாத்தியை மேடாக்கிக்கொள்ளுங்கள். மட்கிய தொழுவுரம், காய்ந்த மா இலைகளை மட்கவைத்த எரு, தென்னை நார்க்கழிவு ஆகியவற்றைக் களிமண்ணோடு கலந்தால் பொலபொலப்பு வரும். நார்க்கழிவைக் கயிற்றுத் தொழிற்கூடத்திலிருந்து வந்தபடியே இடக் கூடாது. அதிலுள்ள உப்பும் துவர்ப்பும் இளவேரைக் கருக்கிவிடும். பலமுறை தண்ணீரில் ஊறவைத்து வடித்தோ, மட்கவைத்தோ பயன்படுத்துங்கள்.

தென்னையின் அடியிலிருந்து 6 அடி வட்டத்துக்குள் பாத்தி வேண்டாம். மரத்துக்கு உரமும் நீரும் வைக்க வேண்டிய இடம் அது. அங்கே தோண்டினால் மரத்தின் வேரும் அறுபடும், புதுச் செடிக்கும் உணவு கிடைக்காது. மட்டை விழும் பக்கத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கிணற்றடியில் துணி துவைப்பீர்களானால், சோப்புத் தண்ணீர் வாழைப்பக்கம் போகுமாறு தனி வாய்க்கால் வெட்டிவிடுவது நல்லது.

நிழற்கொல்லை, திருவிடைமருதூர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. செடியைக் கொண்டுவரும் எண்ணத்தை விட்டுவிட்டேன். ஆயினும் ஓர் ஐயம். இந்தியாவிலேயே மலைப்பகுதி நாற்றங்கால் ஒன்றில் முறைப்படி அஸ்டில்பி கிடைத்தால், அதன் வேர்த்தண்டைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து அந்த உறக்கத்தை நாமே தந்துவிட முடியாதா? கிருஷ்ணகிரீடம் வேர்வழியே பரவிக் கொல்லையையே பிடித்துக்கொள்ளும் என்று பக்கத்து வீட்டு அத்தை எச்சரிக்கிறார். அது உண்மையா?

பாமணிக் கரை, மன்னார்குடி

குளிர்பதனப் பெட்டியில் உறக்கம் தரலாம். வெட்டுமலர் வணிகத்துக்காகக் கண்ணாடிக் குடில்களில் அஸ்டில்பியைப் பருவம் தவறிப் பூக்கவைப்பவர்கள், வேர்த்தண்டுகளைக் குளிர் அறையில் வைத்தே அதைச் செய்கிறார்கள். ஈரமான நார்க்கழிவில் பொதிந்து 10 முதல் 12 வாரங்கள் வைத்தால் முளை கிளம்பக்கூடும். அப்படிக் கிளம்பிய செடியை மார்கழித் தொடக்கத்தில் தொட்டியில் நட்டால் பூவைக்கூடப் பார்க்கலாம். ஆனால் பங்குனி பிறந்தவுடன் இலை கருகத் தொடங்கும். அடுத்த ஆண்டுக்கு வேண்டிய உணவைக் கிழங்கில் சேர்த்துவைக்க அதற்கு அவகாசமே கிடைக்காது. ஆண்டுதோறும் புதிய கிழங்கு வாங்கி ஒரு பருவம் மட்டும் வைத்து இழப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஓர் உயிரை வாழ முடியாத இடத்தில் வைத்து வருத்துவதாகவே அது எனக்குப் படுகிறது.

அத்தை சொல்வது உண்மைதான். கிருஷ்ணகிரீடத்தின் வேர் மண்ணுக்கடியில் ஓடி, தாய்ச்செடியிலிருந்து சில அடி தள்ளிக்கூடக் கன்று விடும். அதைக் கட்டுக்குள் வைக்க, பாத்தியைச் சுற்றி ஒன்றரை அடி ஆழத்துக்குப் பழைய கூரை ஓடுகளையோ கடப்பைக் கல் துண்டுகளையோ நெருக்கமாகச் செங்குத்தாகப் புதைத்துவிடுங்கள். அதையும் தாண்டி வரும் கன்றுகளை, நாலைந்து இலை விட்டவுடன், தாய்வேரிலிருந்து கத்தியால் அறுத்து வேரோடு எடுத்துவிடுங்கள். மேலே மட்டும் கிள்ளினால் அதே இடத்தில் இரண்டாகத் துளிர்க்கும். அறுத்தெடுத்த கன்றைச் சிறு பையில் நட்டு, தினமும் தண்ணீர் தெளித்து மூன்று நான்கு வாரங்கள் நிழலில் வைத்திருந்தால் புதுவேர் பிடித்துவிடும். எனக்கு முதல் கன்று பக்கத்துத் தெருக் கொல்லை ஒன்றிலிருந்துதான் கிடைத்தது. ஆடியில் மன்னார்குடிப் பக்கம் வந்தால் உங்களுக்கும் அத்தைக்கும் ஆளுக்கொரு கன்று எடுத்துவைக்கிறேன்.