டோர்கிங்கிலிருந்து ஆல்பரிக்குக் கார் இல்லாமல் போவது எப்படி?

செப்டம்பர் கடைசி சனிக்கிழமை, இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் ஒரே நாளில் இரண்டு திராட்சைத் தோட்டங்கள் பார்க்கத் திட்டம். காலை 11 மணிக்கு டென்பீஸ், மதியம் 2.30-க்கு ஆல்பரி. நான்கு பேர், ஒருவருக்கு 68 வயது.

டென்பீஸ் சுலபம். லண்டன் வாட்டர்லூவில் ரயில் ஏறி டோர்கிங்கில் இறங்கினால் கால் மணி நேர நடை. சிக்கல் அதன் பிறகுதான். ஆல்பரி தோட்டம் ஏ25 சாலையில் சுமார் 13 கி.மீ. மேற்கே, சைலண்ட் பூல் குளத்தின் பக்கம்.

பார்த்துவிட்ட வழிகள்: டோர்கிங்கின் இன்னொரு ரயில் நிலையமான டோர்கிங் டீப்டீனிலிருந்து கோம்ஷாலுக்கு ரயில் உண்டு, ஆனால் அங்கே சில ரயில்களே நிற்கின்றன, இறங்கிய பின்னும் 4 கி.மீ.க்கு மேல் நடை. இரண்டு டாக்சி நிறுவனங்கள் முன்பதிவு ஏற்கவில்லை. வாடகைக் கார் வேண்டாம், நால்வருமே ஒயின் ருசி பார்ப்போம்.

ஆல்பரியைக் கைவிட மனமில்லை. ஈரமான ஆங்கிலக் கோடையில் செயற்கை மருந்தில்லாமல் சாம்பல் நோயை (திராட்சைக் கொடியைத் தாக்கும் பூஞ்சை நோய்) அங்கே எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று நேரில் பார்க்க வேண்டும்.

மதியம் 1 மணிக்கு டோர்கிங்கில் கில்ஃபர்ட் போகும் பஸ் பிடித்தால், ஆல்பரி தோட்டத்துக்கு எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும்?