கல்லூரி விளையாட்டுப் பணத்தில் பெண்கள் அணிக்குப் பங்கு கேட்க முடியுமா?

கேள்வி:
என் மகள் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக வாலிபால் அணியில் ஆடுகிறாள். 2025 ஜூலை முதல் கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம் என்று ஆனபோது வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அவள் அணிக்கு ஒன்றும் வரவில்லை. அமெரிக்க ஃபுட்பாலில் மைதானத்தில் இறங்காமல் உட்கார்ந்திருக்கும் பையனுக்குக்கூடப் பணம் போகிறது. விடியற்காலையில் எழுந்து பயிற்சிக்கு ஓடுவது இவளும்தானே? படிப்பிலும் விளையாட்டிலும் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்று 1972-லேயே டைட்டில் நைன் சட்டம் வந்துவிட்டது. அது இதற்குப் பொருந்தாதா? யாரைக் கேட்பது?

பதில் 1:
உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் பெரிய கல்லூரிகளில் டிவி ஒப்பந்தப் பணத்தில் பெரும்பகுதி ஃபுட்பாலால் வருவது. நீச்சல், டென்னிஸ் எல்லாம் அந்தப் பணத்தில்தான் நடக்கின்றன. சம்பாதிக்கிற அணிக்குத்தானே அதிகம் போகும்?

பதில் 2:
நான் கல்லூரித் தடகளத்தில் ஓடியவள். இப்போது ஒரு பல்கலைக்கழக விளையாட்டுத் துறையில் வேலை பார்க்கிறேன்.

கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் மீது வீரர்கள் போட்ட ஹவுஸ் வழக்கில் ஏற்பட்ட சமரசப்படி முதல் ஆண்டில் ஒரு கல்லூரி சுமார் 2.05 கோடி டாலர் வரை தரலாம். எந்த அணிக்கு எவ்வளவு என்று அதில் இல்லை. பல இடங்களில் ஃபுட்பாலுக்கு 75 சதவீதம், ஆண்கள் கூடைப்பந்துக்கு 15, பெண்கள் கூடைப்பந்துக்கு 5, மிச்சம் 5 மற்ற எல்லோருக்கும் என்று பிரிக்கிறார்கள். இது கல்லூரி நிர்வாகம் எடுக்கும் முடிவு, சட்டம் அல்ல. உங்கள் மகள் அந்தக் கடைசி ஐந்தில் இருக்கிறாள்.

டைட்டில் நைன்படி, விளையாடும் ஆண், பெண் எண்ணிக்கையின் விகிதத்தில் உதவித்தொகை இருக்க வேண்டும். இந்தப் புதுப் பணமும் அதில் சேருமா என்பதில்தான் சண்டை. சேரும் என்று 2025 ஜனவரியில் மத்திய கல்வித் துறை சொன்னது. ஆட்சி மாறியதும் பிப்ரவரியிலேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

முதல் பதில் எழுதியவருக்கு: சம்பாதிக்க வழி விட்டார்களா என்றும் பாருங்கள். என்சிஏஏ கூடைப்பந்துப் போட்டியில் ஜெயிக்கும் ஆண்கள் அணிகளால் அவற்றின் கல்லூரிகள் சேர்ந்திருக்கும் கூட்டமைப்புகளுக்குப் பணம் போவது 1991-லிருந்து நடக்கிறது. பெண்களுக்கு அது 2025-ல்தான் வந்தது. அந்தப் போட்டியின் புகழ்பெற்ற 'மார்ச் மேட்னஸ்' என்ற பெயரைக்கூட 2022 வரை பெண்கள் போட்டிக்குத் தரவில்லை. 2021-ல் சான் அன்டோனியோவில் நடந்த அதே போட்டியில் பெண்களுக்கு உடற்பயிற்சிக் கூடம் என்று ஓரமாக ஒரு டம்பெல் அடுக்கை வைத்திருந்த வீடியோவை உலகமே பார்த்தது. இவ்வளவுக்கும் பிறகு 2024 இறுதி ஆட்டத்தில் பெண்களை 1.8 கோடிக்கு மேல் பார்த்தார்கள், ஆண்களை 1.5 கோடிக்கும் கீழ். எனக்கு இதில் ஆறாத கோபம் உண்டு.

கேள்வி கேட்டவர்:
நன்றி அம்மா. நான் கேட்கப்போய் அவள் உதவித்தொகையில் கை வைத்துவிடுவார்களோ என்றுதான் பயம்.

பதில் 3:
புகார் சொன்னவரைப் பழிவாங்குவதும் டைட்டில் நைன் மீறல்தான் என்று 2005-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அந்த வழக்கைப் போட்டவர் பள்ளிப் பெண்கள் கூடைப்பந்து அணியின் பயிற்சியாளர். மத்திய அரசுப் பணம் வாங்கும் எந்தக் கல்லூரியிலும் டைட்டில் நைன் ஒருங்கிணைப்பாளர் என்று ஒருவர் இருக்க வேண்டும். அவருக்கு எழுத்தில் கேளுங்கள். அதற்கு முன் அந்தக் கல்லூரி விளையாட்டுச் செலவு பற்றி ஆண்டுதோறும் அரசுக்குத் தரும் ஈஏடிஏ அறிக்கையை எடுத்துப் பாருங்கள். ஆண், பெண் அணிகளுக்கான உதவித்தொகை, பயிற்சியாளர் சம்பளம், செலவு எல்லாம் அதில் இருக்கும், யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். பயணம், தங்குமிடம், விளம்பரம் இவற்றிலும் குறை இருந்தால் சேர்த்தே எழுதுங்கள். இவை டைட்டில் நைனுக்குள் வருவதில் சண்டையே கிடையாது. முடிந்தால் அணியின் மற்ற பெற்றோர்களையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.