மூன்று பேராகப் பிரிவதெல்லாம் ஒரு சக்தியா?

புதுவாசகன்:
லீஜியன் ஆஃப் சூப்பர் ஹீரோஸ் என்ற அமெரிக்கச் சாகச வீரர் குழுவின் காமிக்ஸ் கதைகளை இப்போதுதான் தொட்டிருக்கிறேன். ஒருவன் மின்னலை எறிகிறான், ஒருவன் இரும்பைக் காந்தமாய் இழுக்கிறான். நடுவே டிரிப்ளிகேட் கேர்ல் என்று ஒருத்தி. மூவராகப் பிரிகிறாள், அவ்வளவுதான். மூவரும் சாதாரணப் பெண்கள். இவளை எதற்குச் சேர்த்துக்கொண்டார்கள்? பிரிந்தால் பலமும் மூன்று பங்காகிவிடுமா?

பழையதாள்:
பங்காகாது, மூவரும் முழு ஆட்களே. கருவியின் துணையின்றிச் சொந்தமாக ஒரு சக்தி இருக்க வேண்டும் என்பதுதான் லீஜியனின் விதி. லுவோர்னு டர்கோவுக்கு, அதுதான் டிரிப்ளிகேட் கேர்லின் சொந்தப் பெயர், அது இருக்கிறது. அவள் பிறந்த கார்க் கிரகத்துக்கு மூன்று சூரியன்கள். அங்கே எல்லோரும் இப்படித்தான். பந்துபோல் உப்பித் துள்ளுகிற பவுன்சிங் பாயையே சேர்த்துக்கொண்டவர்கள் இவளை விடுவார்களா?

ஊதாமை:
இவளுக்காகப் பல வருடங்களாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன், எனவே கொஞ்சம் நீளும். கதை தெரியக் கூடாது என்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

1961இல் ஆக்‌ஷன் காமிக்ஸ் 276ஆம் இதழில் அறிமுகமானாள். ஐந்தாண்டுகள் கூட்டத்தில் ஒருத்தியாக, சரியாகச் சொன்னால் மூன்று பேராக, நின்றாள். 1966 தொடக்கத்தில் அட்வென்சர் காமிக்ஸ் 340 வந்தது. லீஜியனின் மேதை பிரெய்னியாக் 5 தனக்கு உதவியாகச் செய்த இயந்திரம் கம்ப்யூட்டோ. அது திரும்பித் தாக்கியதில் அவளுடைய மூன்று உடல்களில் ஒன்று செத்துப்போனது.

அதற்கு என்ன செய்தார்கள் தெரியுமா? பெயரை மாற்றினார்கள். டிரிப்ளிகேட் கேர்ல் போய் டுவோ டாம்செல். கடைக்காரர் கையிருப்புக் கணக்கில் மூன்றை அடித்து இரண்டு என்று எழுதுவதுபோல. எனக்கு இன்றும் ஆறவில்லை.

பிறகு வந்த உடையைக் கவனியுங்கள். இருவரும் ஒன்றாகும்போது உடை ஒரு பக்கம் ஆரஞ்சு, மறுபக்கம் ஊதா, நடுவே நேர்கோடு. பிரிந்தால் ஒருத்திக்கு ஆரஞ்சு, ஒருத்திக்கு ஊதா. செத்தவளுக்கென்று அதில் ஒரு நூல்கூட இல்லை.

மின்னல் எறிகிறவன் அடிபட்டால் காயம் ஆறும், மறுபடி எறிவான். இவளுடைய சக்தி விரல்விட்டு எண்ணக்கூடியது, போனால் போனதுதான். பலவீனமான சக்தி என்று நீங்கள் கேட்டதே அவளை எனக்குப் பிடித்ததற்குக் காரணம்.

புதுவாசகன்:
அப்படியானால் செத்தது யார்? அவளா, அவளில் ஒரு பகுதியா?

பழையதாள்:
ஊதாமை கொஞ்சம் மிகைப்படுத்துகிறார். அந்தக் காலத்துக் கதைகள் துக்கம் காக்க நின்றதில்லை. அவளும் ஒடிந்துவிடவில்லை, 1974இல் அதே பவுன்சிங் பாயைக் கட்டிக்கொண்டாள். பின்னர் இருவரும் லீஜியன் அகாடமியில் பாடம் நடத்தினார்கள்.

ஊதாமை:
கல்யாணம் செய்துகொண்டால் துக்கம் தீர்ந்ததா? 1994இல் தொடரைப் புதிதாகத் தொடங்கியபோது டிரையாட் என்று பெயர் வைத்து, மூன்று உடல்களுக்கும் வெவ்வேறு சுபாவம் கொடுத்தார்கள். புதுவாசகன் கேட்ட கேள்வி அவர்களுக்கும் உறுத்தியிருக்க வேண்டும். அதைப் படித்துவிட்டு 340க்குத் திரும்புங்கள், அந்தப் பக்கம் வேறு மாதிரி தெரியும்.

புதுவாசகன்:
340ஐத்தான் முதலில் எடுக்கப்போகிறேன். அவள் மூவராக நிற்கிற கடைசிக் கட்டம் எந்தப் பக்கத்தில் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.