இலுலிசாட்டில் நாய்வண்டி: அம்மாவைக் கூட்டிப்போகலாமா?

வணக்கம். மார்ச்சில் அம்மாவோடு கிரீன்லாந்தின் இலுலிசாட்டுக்குப் போகிறேன். நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியில் அரைநாள் போதுமா, குடிசையில் ஓர் இரவு தங்கிவரலாமா என்று குழப்பம். அம்மாவுக்கு 61 வயது, முழங்கால் வலி உண்டு. மேடு வந்தால் இறங்கி நடக்கச் சொல்வார்களாமே, எவ்வளவு தூரம் இருக்கும்?

நான் போன வருடம் நார்வேயின் டிரோம்சோவில் இரண்டு மணி நேரம் போயிருக்கிறேன். அங்கே நாய்களை ஜோடி ஜோடியாகப் பூட்டியிருந்தார்கள். கிரீன்லாந்தில் ஒவ்வொரு நாய்க்கும் தனிக் கயிறு, விசிறி போல விரிந்து ஓடும். கயிறுகள் பின்னிக்கொண்டால் நிறுத்திப் பிரிக்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருந்தால் குளிர் ஏறிவிடும். டிரோம்சோவில் அன்று நான் செய்த மடத்தனம், மூன்று காலுறைகளைப் போட்டு பூட்ஸுக்குள் காலைத் திணித்தது. இறுக்கத்தில் ரத்தம் ஓடாமல் விரல்கள் மரத்துப்போயின. (நாய்கள் ஓடிக்கொண்டே மலம் கழிக்கும். வாசனை நேராக நமக்குத்தான்!)

வயதானவர்களோடு போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அங்கே வாடகைக்குக் கிடைக்கும் சீல் (கடல்நாய்) தோல் உடை அம்மாவுக்குப் போதுமா? அப்புறம், மூக்குக்கண்ணாடியில் மூச்சு உறையாமல் இருக்க என்ன செய்தீர்கள்? அம்மா சைவம் வேறு. கையில் என்ன கட்டிக்கொண்டு போகலாம்?