புதுப்பிப்பு: அனிமல் கிங்டம் போய் வந்தோம்

"நானும் மனைவியும் மட்டும் போகிறோம். அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் விலங்குகளும் ரைடுகளும் உள்ள டிஸ்னி பூங்காவான அனிமல் கிங்டமுக்கு ஒரு நாள் போதுமா, எதை முதலில் பார்க்கலாம்?" என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. நேற்று போய் வந்தோம். ஒரு நாள் தாராளம்.

வாசல் திறந்ததும் நேரே, திறந்த லாரியில் விலங்குகளைப் பார்த்து வரும் கிளிமஞ்சாரோ சஃபாரிக்கு ஓடச் சொன்னீர்களே, அதுதான் சரி. ஒட்டகச்சிவிங்கி ஒன்று பாதையை மறித்து நின்றுகொண்டது; அது நகரும்வரை எங்கள் லாரியும் அசையவில்லை. வெயில் ஏறாததால் சிங்கம் பாறைமேல் எழுந்து உட்கார்ந்திருந்தது. மதியம் மறுபடி போனபோது நல்ல தூக்கம். ஆகவே காலையிலேயே போய்விடுங்கள்.

145 அடி உயர 'ட்ரீ ஆஃப் லைஃப்' செயற்கை மரம்தான். உள்ளே இருப்பது எண்ணெய்க் கிணற்று மேடை போன்ற இரும்புச் சட்டம். ஆனால் அதில் செதுக்கிய 300க்கும் மேற்பட்ட விலங்குகளை அவள் ஒவ்வொன்றாகத் தேட ஆரம்பித்ததும் ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. எவரெஸ்ட் ரோலர்கோஸ்டரில் நான் மட்டும் ஏறினேன். ரயில் இருட்டில் பின்னோக்கி ஓடுமிடம் அபாரம்!

கிளம்பும்முன் கொரில்லா நடைபாதைக்குப் போனோம். கண்ணாடிக்கு அப்பால் இருந்த பெரிய ஆண் கொரில்லாவை விட்டு வர அவளுக்கு மனமே இல்லை.